மருமகள் நடந்தால் இரண்டு முறை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். உங்கள் மாப்பிள்ளையும் நலம்தான். ஆனால் உங்கள் பெண் கோபித்துக்கொண்டு அங்கு வந்த நாள் முதல் சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். இதை நலக் கணக்கில் சேர்ப்பதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கல்யாணப் பேச்சின்போது நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், நினைவிருக்கும். "ரிட்டயர் ஆன பிறகு பொழுதை எப்படி சார் போக்கப் போறீங்க?" செய்தித்தாள் படிப்பேன் என்றேன். நீங்களும் நிம்மதியாகத் தலையசைத்தீர்கள். அந்தப் பதிலை நான் இப்போது திருத்த வேண்டியிருக்கிறது. போன வாரம் தொலைபேசியிலேயே விளக்கத் தொடங்கினேன். எலக்ட்ரான் வரைக்கும் வந்தபோது இணைப்பு போய்விட்டது. உங்கள் கை பட்டிருக்கும். அதனால்தான் கடிதம்.

பணி ஓய்வு நாளில் மாணவர்கள் எனக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கொடுத்தார்கள். பௌதிக வாத்தியாருக்குக் கிட்டார் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள், நான் விடவில்லை, கற்றுக்கொண்டேன். கூட வந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வாசித்தால் தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வால்வு வைத்த பழைய பெட்டிதான் சரி என்றார்கள். வால்வு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குண்டு பல்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி சிவந்து சூடேறினால்தான் வேலை செய்யும். சுவிட்சைப் போட்டதும் பாடாது. தூங்கி எழுந்த பிள்ளை பேசத் தொடங்குவதைப் போலக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

அப்படி ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விற்றவர் ஒரு காலத்தில் ஓட்டல் இசைக்குழுவில் வாசித்தவர், தனியாள், என்னைவிட மூத்தவர். எனக்காக ஒரு மெட்டு வாசித்துக் காட்டினார். சம்பந்தி, அந்த ஓசையை எப்படிச் சொல்ல? ஒவ்வொரு சுரமும் முடிந்த பிறகும் போக மனமில்லாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் நீளமான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, எதிரொலி கொடுப்பதற்காக. தரை அதிர்ந்தால் அவையும் அதிர்ந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். நான் அறைக்குள் நுழைந்தபோது வந்தது. அவர் எழுந்து அதே பெட்டியைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனார், அப்போது அந்தச் சத்தம் வரவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க சார். இப்பல்லாம் இது என்னைக் கண்டுக்கிறதில்ல" என்றார்.

கலைஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் வைத்தேன். அங்கே தரையில் ஒரு கல் ஆடும். யார் போனாலும் அதை ஒரு தடவை மிதித்துத்தான் ஆக வேண்டும். காலையில் பெட்டியைச் சூடேற்றி வைத்துவிட்டு நான் பயிற்சி செய்வேன். ஒலியைக் குறைத்து வைத்தால் குழந்தைக்குக் கதை சொல்வது போல மென்மை. ஏற்றினால் கத்தாது, தொண்டை கட்டும், எங்கள் பழைய தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டது போல. என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் போனால் ஒரு டொய்ங். உங்கள் மாப்பிள்ளை போனால் ஒரு டொய்ங். நான் போனாலும் ஒன்றுதான். உங்கள் பெண் போனால் மட்டும் இரண்டு.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். அங்கேயே விட்டிருக்கலாம், ஆனால் நாற்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்ற கால் சும்மா இருக்குமா? நடையில்தான் வித்தியாசம் என்று ஊகித்தேன்: குதிகால் முதலில் ஒரு தட்டு, விரல்கள் அடுத்த தட்டு. நிரூபிப்பதற்காக எல்லோருக்கும் ஒரே செருப்பைப் போட்டு நடக்கவிட்டேன். ஒரே எடை வர என் வீட்டுக்காரி கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்தேன். அவள் அதை என் காலில் கவிழ்த்தாள், தெரியாமல் நடந்தது என்றுதான் சொல்கிறாள். மருமகளைப் பின்பக்கமாகக்கூட நடக்கச் சொன்னேன். அப்போதும் இரண்டு. அன்றைக்குத்தான் அவள் கல்லைத் தாண்டி நின்று, திரும்பிப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்:

"மாமா, ரெண்டாவது சத்தம் நான் நின்ன பிறகு வருது."

அன்று மாலையே பெட்டி கட்டிவிட்டாள். அவளுடைய துணிப்பெட்டியைச் சொல்கிறேன். இந்தச் சனியன் வீட்டில் இருக்கும்வரை தான் வரமாட்டேன் என்று அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெற்ற பெண் பயந்துபோய் வாசலில் வந்து நின்றால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும், நீங்கள் என்னைத் திட்டியது தப்பே இல்லை.

விற்றவரையே கேட்டுவிடலாம் என்று போனேன். கதவு பூட்டியிருந்தது. நான் பெட்டியை எடுத்துவந்த அதே வாரத்தில் அவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். வயதானவர், பலவீனமான இதயம். இதற்கும் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். உங்கள் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஆக, நான் உங்களுக்குக் கொடுக்கும் உறுதி இதுதான். நடந்தது எல்லாம் ஒரு ஆடும் கல், ஒரு ஸ்பிரிங், ஒரு குதிகால். திங்கட்கிழமை மேஸ்திரி வந்து கல்லைப் பூசிவிடுவார். பெட்டியைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறேன். பெண்ணைத் தைரியமாக அனுப்பி வையுங்கள். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் பெண்ணுக்கு இந்த மாமனின் ஆசியும், அந்தப் பின்பக்க நடைக்காக மன்னிப்பும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தொலைபேசி வந்தது. டாக்டர் சொன்ன சேதி கேட்டு என் வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரிக்கிறாள். உங்கள் மாப்பிள்ளை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அங்கு கிளம்பிவிட்டான், வாசலில் பிடித்து உள்ளே இழுத்து அவனைச் சரிசெய்யுங்கள். குதிகாலைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் பெண் நடந்தபோது பெட்டி தப்பாக எண்ணவில்லை.

சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடினேன், சர்க்கரை எடுக்க. பெட்டி சூடாகத்தான் இருந்தது. சத்தம் வரவில்லை. என் வீட்டுக்காரியை நடக்கச் சொன்னேன், ஒரு டொய்ங். மறுபடி நான் நடந்தேன். அழுத்தி மிதித்தேன், கல் ஆடியது, காலுக்கே தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. "தினம் நடந்து நடந்து இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். இருக்கலாம். பிறகு உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தேன். என் கையில் அந்தப் பெட்டி இவ்வளவு அருமையாக ஒருநாளும் பாடியதில்லை. விற்றவர் அன்று எனக்கு வாசித்துக் காட்டியபோது கேட்ட அதே ஓசை.

மேஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருமகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள். அந்த இரண்டையும் இன்னொரு முறை கேட்க ஆசையாக இருக்கிறது. நீங்களும் வந்ததும், யாரிடமும் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்.