பாயிண்டில் வந்த நாற்காலி

இந்த வீட்டில் இனிமேல் ஸ்டூலில் உட்காருவதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தபோது, ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இருந்தால்தானே?

ஹாலில் டிவிக்கு நேர் எதிரே நல்ல நாற்காலி ஒன்று உண்டு. மெத்தை வைத்தது, கை வைத்தது, மாமனார் வைத்தது. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் கிளம்பிவிடுகிறேன் என்று மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். வலி கிளம்பிவிட்டது, அவர் கிளம்பவில்லை. ஒரு காலத்தில் கிரிக்கெட் அம்பயராக இருந்தவர். ஒரு விஷயம் பிடிக்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார், ஆட்காட்டி விரலை மட்டும் மெதுவாக மேலே தூக்குவார். மாப்பிள்ளை வாங்கி வந்த தர்பூசணி, மாப்பிள்ளையின் புதுச் சட்டை, மாப்பிள்ளை சொன்ன ஜோக் எல்லாம் அந்த விரலுக்கு அவுட் ஆனவை.

பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் குனிந்து வளைந்து ரிப்பேர் வேலை செய்கிற மனுஷனுக்குச் சாயங்காலம் முதுகைச் சாய்க்க ஓர் இடம் வேண்டாமா? மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். அவள் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். எவ்வளவு பெரிய குண்டையும் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்கிற குரலில் போடுவாள். முதலில் குளியலறை ஒழுகல், அப்புறம் நாற்காலி என்று அந்தக் குரலில் சொல்லிவிட்டாள். ஒழுகலோ நிற்கிற உத்தேசத்தில் இல்லை.

சரி, உன்னிடம் ஒரு காசு கேட்காமல் நாற்காலி வாங்கிக் காட்டுகிறேன் என்று லிஃப்ட்காரர் மனசுக்குள் கறுவிக்கொண்டார். வாய்விட்டுக் கறுவுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வாய்ப்பு அவர் வேலை செய்த கட்டிடத்திலேயே வந்தது. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், கீழ்த்தளத்து வங்கியில் கிரெடிட் கார்டு விற்கும் பெண் ஒருத்தி உள்ளே மாட்டிக்கொண்டாள். லிஃப்ட்காரர் கதவை நெம்பி அவளை வெளியே எடுத்தார். மூச்சு வாங்கி முடித்ததும் நன்றிக் கடனாக அவருக்கு ஒரு கார்டு விற்றாள்.

மூன்று வகை காட்டினாள். சாதாரண கார்டுக்கு வருஷக் கட்டணமே கிடையாது, செலவில் கொஞ்சம் பணமாகத் திரும்பி வரும். இன்னொன்று அடிக்கடி விமானம் ஏறுகிறவர்களுக்கு. லிஃப்டைத் தவிர வேறெதிலும் ஏறாதவருக்கு அது எதற்கு? மூன்றாவது தங்க நிறம். அதில் பாயிண்ட் இரட்டிப்பு. பாயிண்ட் சேர்ந்தால் பரிசு. பரிசுப் புத்தகத்தின் அட்டையிலேயே ஒரு நாற்காலி. பின்னால் சாயும், காலைத் தூக்கும், பொத்தானை அமுக்கினால் முதுகைப் பிடித்துவிடும். லிஃப்ட்காரர் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வருஷம் கட்டணம் இல்லை என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ரெண்டாவது வருஷம்?"

"முதல் வருஷத்தை முதல்ல பார்ப்போம்."

சாதாரண கார்டே போதும் என்றாள். அதனாலேயே அவர் தங்க கார்டை எடுத்தார். விண்ணப்பத்தில் போன் நம்பர் எழுதும் இடத்தில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. வங்கியிலிருந்து கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் விண்ணப்பம் ரத்து. லிஃப்ட் குழிக்குள் போன் சிக்னல் எங்கே வரும்? மனைவியின் நம்பரைக் கொடுத்தார், அவளும் எடுத்துப் பேசிவிட்டாள், கார்டு வந்துவிட்டது. நம்பர் சமாச்சாரம் அத்தோடு அவருக்கு மறந்தே போனது.

அப்புறம் ஆரம்பித்தது அவருடைய ராஜதந்திரம். சொந்தச் செலவில் பாயிண்ட் சேர்த்தால் நாற்காலி வரும்போது முதுகே இருக்காது. ஊரார் செலவில் சேர்த்தால்? கூட வேலை செய்பவர் வண்டிக்கு டயர் மாற்றினால் கார்டைத் தேய்ப்பது லிஃப்ட்காரர், டயர் காசை அவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வதும் லிஃப்ட்காரர். எதிர்வீட்டு அம்மாவின் வாஷிங் மெஷின், மாடி வீட்டுப் போட்டோகிராபரின் கேமரா எல்லாம் இப்படித்தான். வாங்கிய ரொக்கத்தைப் பழைய கிரீஸ் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் மாதிரி உள்ளே தள்ளினார். கிரீஸ் டப்பாவை யார் தொடப்போகிறார்கள்?

பில் அவருடைய ஒர்க்‌ஷாப் முகவரிக்கு வந்தது. அதில் இரண்டு தொகை இருந்தது. மொத்தம் கட்ட வேண்டியது ஒன்று, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது இன்னொன்று. இரண்டு விலை சொன்னால் குறைந்த விலையைக் கொடுப்பவன்தானே கெட்டிக்காரன்? குறைந்தபட்சத்தை வங்கியில் கட்டிவிட்டு விசில் அடித்துக்கொண்டு வந்தார். அடுத்த மாத பில்லில் பழைய பாக்கியைக் காணோம். ஒருவேளை மறந்துவிட்டார்களோ என்று நினைத்தார். அதற்கடுத்த மாதமும் காணோம். தங்க கார்டுக்காரர்களுக்குத் தள்ளுபடி போலிருக்கிறது என்று முடிவு கட்டி, வங்கியின் தாராளத்தை நினைத்து நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்ச்சி கையைச் சும்மா விடவில்லை. பளபளவென்று ஒரு மீன்பிடித் தூண்டில் வாங்கினார், கார்டில்தான். வீட்டில் கேட்டால்? சிறந்த மெக்கானிக் என்று கம்பெனி கொடுத்த பரிசு என்றார். மனைவி கை கொடுத்தாள். மாமனார் விரல் அன்று ஒரு நாள்தான் கீழே இருந்தது.

வருஷம் முடிகிற சமயம் வந்த பில்லில் நாற்காலிக்கு வேண்டிய பாயிண்ட் சேர்ந்திருந்தது. விடுமுறை நாள் சாயங்காலம், மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருக்க, லிஃப்ட்காரர் கடைசி முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார். போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்து கார்டு நம்பரைத் தட்டினார். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. காத்திருந்தார். போனைக் குலுக்கிப் பார்த்தார். வரவில்லை.

சமையலறையில் மனைவியின் போன் சிணுங்கியது.

"என்னங்க, நாலு, எட்டு, ரெண்டு, ஒண்ணு, ஏழு, சைபர்."

"என்ன அது?"

"நீங்க காத்துக்கிட்டு இருக்கிற நம்பர்."

லிஃப்ட்காரர் ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்தார்.

"உன் போனுக்கு எப்படி வந்துச்சு?"

"என் நம்பரைத்தானே குடுத்தீங்க. முதல் நாள்லேர்ந்து எல்லாம் எனக்குத்தான் வருது."

"எல்லாம்னா?"

"நீங்க கார்டைத் தேய்ச்சா எனக்கு மணி அடிக்கும். டயர், வாஷிங் மெஷின், கேமரா." கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். கிளினிக் குரலில், வலிக்காமல் சொன்னாள். "தூண்டில்."

மாமனாரின் விரல் மேலே போனது.

லிஃப்ட்காரர் பேச்சை மாற்றுகிற வேகத்தில் அந்த ஆறு எண்ணையும் தட்டினார். திரை திறந்தது. பாயிண்ட் இருப்பு: பூஜ்யம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். கசக்கிய கண்ணுக்கும் பூஜ்யமே தெரிந்தது.

"என் பாயிண்ட் எங்கே?"

"முந்தாநாள் எடுத்துட்டேன். இந்த வாரத்தோட வருஷம் முடியுது, ரெண்டாவது வருஷக் கட்டணம் போடுவாங்க. அது நாற்காலி விலையை விட ஜாஸ்தி. கார்டை நிறுத்தணும். நிறுத்தினா பாயிண்ட் காலாவதியாயிடும். அதான் முதல்ல வாங்கிட்டேன். நிறுத்தச் சொல்லி எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போடுங்க."

"கட்டணம் கேட்டா கட்டிட்டுப் போறேன். என்கிட்ட ரொக்கம் இருக்கு."

"இல்லையே."

பாய்ந்து போய்க் கருவிப்பெட்டியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து மூடியைத் திருகினார். உள்ளே கிரீஸ் கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பில் கட்டிட்டேங்க, மாசா மாசம். குறைந்தபட்சம் கட்டினா மிச்சத்தை விட்டுடுவாங்கன்னு நினைச்சீங்களா? மிச்சத்துக்கு வட்டி போடுவாங்க. வட்டிக்கும் வட்டி போடுவாங்க. விட்டிருந்தா அந்த வட்டியில இந்த மாதிரி நாலு நாற்காலி வாங்கியிருக்கலாம்."

தள்ளுபடி செய்தது வங்கி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வராத குறை.

"இந்த டப்பா உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல நீங்க தினமும் துடைச்சு வெச்ச ஒரே சாமான் அதுதானே."

வாசல் மணி அடித்தது. இரண்டு பேர் பெரிய அட்டைப் பெட்டியை இறக்கினார்கள். பிரித்தால் அதே நாற்காலி. அட்டைப் படத்தில் இருந்ததை விட அழகு. இத்தனை அதிர்ச்சிக்கு நடுவிலும் லிஃப்ட்காரரின் முதுகு தானாகச் சிலிர்த்தது. போனது போகட்டும், நாற்காலி வந்துவிட்டதே. பெட்டிக்கான ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வந்தவர்களை வழியனுப்பி, கதவைத் தாழிட்டுத் திரும்பினார்.

புது நாற்காலியில் மாமனார் சாய்ந்திருந்தார். பொத்தான் அமுங்கியிருந்தது. உடம்பு மொத்தமும் குலுங்க, மாப்பிள்ளையின் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய கட்டைவிரல் உயர்ந்தது.

சரி, பழைய நாற்காலியாவது மிஞ்சியதே என்று லிஃப்ட்காரர் அந்தப் பக்கம் போனார். அதில் மனைவி உட்கார்ந்துவிட்டிருந்தாள். மாசா மாசம் வங்கிக்கு நடந்து நடந்து கால் வலி என்று சொல்லி, ஸ்டூலை இழுத்து இரண்டு காலையும் அதன்மேல் நீட்டிக்கொண்டாள்.

அன்று முதல் லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்காருவதில்லை.