மிட்ஜெட் பந்தயமும் இரண்டு மருமகன்களும்

எந்தப் பந்தயத்தையும் எப்படி நடத்த வேண்டும் என்பது, அதை நடத்துகிறவர்களைவிட வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நடத்துகிறவர் பாவம், கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார். நமக்கோ மின்விசிறி இருக்கிறது, காப்பி இருக்கிறது, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க ரிமோட் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொடியை என் கையிலேயே பிடிக்க நேர்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

மிட்ஜெட் கார் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் என் மனைவி ரெஜினாவைப் போல நீங்களும் "அந்த பொம்மை கார்" என்பீர்கள்.) ஒரே ஒரு ஆள் நிமிர்ந்து உட்காரக்கூடிய குட்டிக் கார். கதவு கிடையாது, கூரைக்குப் பதில் இரும்புக் கம்பிக் கூண்டு. களிமண் வட்டத்தில் நேராக ஓடாமல் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே ஓடும். வளைவில் ஐந்தாறு கார்கள் ஒன்றாகச் சறுக்கி, மண்ணை வாரி இறைத்தபடி திரும்பும்போது நாமும் நாற்காலியோடு சேர்ந்து சாய்வோம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பந்தயம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் மணி அடிக்கும் அதே நேரம். எத்தனையோ பிரசங்கங்களை நான் பாதியிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. என் சகலை சாமுவேலுக்கும் தொற்றியது. ரெஜினாவின் அக்கா ஜோதியின் கணவர். ஆஸ்டின் டவுனில் வீடு, வங்கியில் வேலை, எதற்கெடுத்தாலும் விதி. நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன், எதற்கெடுத்தாலும் விதிவிலக்கு. இது போதாதா?

அங்கே பந்தயங்களை நடத்துவதற்குப் பல சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு விதி. உலகம் முழுக்க ரசிகர்கள் இணையக் குழுக்களில் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நானும் சாமும் அதே சண்டையை ஞாயிறு மத்தியானம் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டோம்.

முதல் சண்டை: தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டியவனை முன்னால் நிறுத்துவதா, பின்னால் நிறுத்துவதா?

"வேகமா ஓட்டினவன பின்னாடி நிறுத்தணும் பிரதர். அப்பத்தான் ஒவ்வொருத்தனா தாண்டி வருவான். ஜனங்க பாக்க வர்றதே அதுக்குத்தான்" என்பார் சாம்.

"நல்லா படிச்ச பையன கடைசி பெஞ்சுல உக்கார வெப்பீங்களா? என்னா நியாயம் இது?" என்பேன் நான்.

இரண்டாவது சண்டை: நடுவில் ஒரு வண்டி சுழன்று நின்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். எல்லாரும் முந்தாமல் மெதுவாகப் போக வேண்டும். அந்த மெதுவான சுற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? சாம் சேர்க்கச் சொல்வார். நான் கூடாது என்பேன். இதற்காக ஒருமுறை மேசையைக் குத்தினேன். ரசம் சாமின் சட்டையில் கொட்டியது. அன்றிலிருந்து அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எங்கள் இருவரையும் மேசையின் எதிரெதிர் முனையில் உட்காரவைத்தார்.

இப்படியே பேசிச் செத்திருப்போம். அடுகோடியில் பட்டறை வைத்திருக்கும் நியாஸ் பாய் எங்கள் பேச்சைக் கேட்டுத் தொலைத்தார். என் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும்போது கைப்பேசியில் ஒரு பந்தயத்தைக் காட்டினேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி காட்டச் சொன்னார். சில மாதங்கள் கழித்து அவரும் பக்கத்துப் பட்டறை நண்பர்களும் சேர்ந்து, பழைய கார் எஞ்சின்களைப் போட்டு, ஐந்து மிட்ஜெட்களைக் கட்டி நிறுத்திவிட்டார்கள்!

"ஜெயா பாய், வண்டி ரெடி. ரேஸ் எப்போ?" என்றார்.

ஜெயசீலன் என்கிற எனக்கு அந்த நிமிஷம் கால் தரையில் படவில்லை. ஆனேக்கல் பக்கம் மஞ்சண்ணா என்பவரின் காலி நிலம் கிடைத்தது. போர்வெல் தண்ணீரை டேங்கரில் அபார்ட்மெண்டுகளுக்கு விற்பவர். டேங்கரை அவரே ஓட்டுவார். களிமண் தடத்தை நனைத்துக்கொண்டே இருந்தால்தான் தூசு அடங்கும் என்றதும், "தண்ணி நம்பள்து, நெலமும் நம்பள்து. ஒரு தடவ நடத்திக் காட்டுங்க சார். சென்னாகி, நல்லா நடந்தா மாசாமாசம் நடத்திக்கோங்க" என்றார். மாதாமாதம்! பெங்களூரில் எங்களுக்கென்று ஒரு களிமண் வட்டம்! அன்று நான் வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்ததாக ரெஜினா சொல்கிறாள்.

உடனே 'பெங்களூர் மிட்ஜெட் பந்தயச் சங்கம்' தொடங்கினேன். தலைவர் நான். செயலாளர் சாம். முதல் கூட்டத்திலேயே வேகமானவன் முன்னாலா பின்னாலா என்பது வந்தது. சாம் எழுந்து போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் 'அகில பெங்களூர் மிட்ஜெட் பந்தயச் சங்கம்' பிறந்தது. அவர் சங்கத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள். என் உறுப்பினர்களில் பாதிப் பேர் கொள்கை அடிப்படையில் அங்கே போய்விட்டார்கள்.

நியாஸ் பாய் இரண்டு சங்கத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டார். "நம்மளுக்கு ஓட்டணும் பாய், அவ்ளோதான். கொடி யார் ஆட்டினா க்யா?" மஞ்சண்ணாவும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அனுமதி கொடுத்திருந்தார். ஒரே குடும்பம்தானே என்று நினைத்தாராம்.

ஆக, அந்த ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஒரே மைதானத்துக்கு இரண்டு சங்கங்கள், இரண்டு கோப்பைகள், இரண்டு மைக்குகள் வந்து இறங்கின. சிறப்பு விருந்தினர் மட்டும் ஒருவர்தான். நாங்கள் இருவரும் பயப்படுகிற ஒரே ஆள் என்பதால் இரண்டு சங்கமும் தனித்தனியாக அத்தையையே அழைத்திருந்தோம். அவர் பட்டுப்புடவையில், குடையோடு, இரண்டு மகள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வண்டிகளை வரிசையில் நிறுத்தும்போதே தொடங்கிவிட்டது. தகுதிச் சுற்றில் எல்லாரையும்விட வேகமாக ஓட்டிய நியாஸ் பாயை நான் முன்னால் கொண்டுவந்தேன். சாம் பின்னால் அனுப்பினார். இந்த வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதற்கு ஒரு சரக்கு ஆட்டோ வைத்திருந்தோம். முன்னால் தள்ளு, பின்னால் தள்ளு என்று ஆட்டோக்காரருக்கு எரிச்சல் வந்து, "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு கூப்பிடுங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

குடைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஏன்பா, பிரியாணி ஆறுது. சீட்டுக் குலுக்கிப் போட்டு விடுங்களேன்!"

குலுக்கிப் போட்டோம். நியாஸ் பாய் சரியாக நடுவில் வந்தார். இரண்டு சங்கமும் தோற்றது.

தொடக்கக் கோட்டில் நான் நிற்பது, எதிர்ப்பக்க வளைவில் பாதுகாப்புக்காகச் சாம் நிற்பது என்று முடிவானது. அவரவர் சுற்றுகளை அவரவர் எண்ணிக்கொள்வது. (இதை யார் ஒப்புக்கொண்டது என்று இன்றுவரை தெரியவில்லை.) நான் தலைவர் தோரணையில் நுழைவாயிலுக்குப் போய் மஞ்சண்ணாவிடம் விரலை ஆட்டிச் சொன்னேன்: "நான் பச்சைக் கொடி காட்டாம யாரும் உள்ள வரக்கூடாது. நிலம் உங்களோடதா இருந்தாலும் சரி."

"ஆய்து சார்" என்று பவ்யமாகத் தலையாட்டினார்.

கொடியை வீசினேன். அடடா! ஐந்து எஞ்சின்களும் ஒரே நேரத்தில் அலறின. முதல் வளைவில் ஐந்தும் சறுக்கின. செம்மண் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பியது. நியாஸ் பாய் வெளிப்பக்கமாக ஒருவரைத் தாண்டினார், உள்பக்கமாக இன்னொருவரைத் தாண்டினார். ரெஜினாவும் ஜோதியும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். அத்தை குடையை மடக்கி அதையே ஆட்டினார். கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தது என் கண் முன்னால், என் சட்டை மேலெல்லாம் தெறித்துக்கொண்டு ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. (தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.)

பாதியில் ஒரு வண்டி சுழன்று நின்றது. சாம் மஞ்சள் கொடி காட்டினார். சரிதான். எல்லாரும் மெதுவாகச் சுற்றினார்கள். சாம் விரல் விட்டு அந்தச் சுற்றுகளையும் எண்ணுவது தூரத்திலிருந்து தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற வண்டியை ஆட்டோ தள்ளிக் கிளப்பியதும், மறுதொடக்கத்துக்காகப் பச்சைக் கொடியை இரண்டு கையாலும் பிடித்து, குதித்துக் குதித்து வீசினேன்.

உடனே சாம் மறுபடி மஞ்சளைக் காட்டினார்!

என் பச்சைக்கு எதிராக மஞ்சளா? வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். இன்னும் வேகமாகப் பச்சையை வீசினேன். அவர் இன்னும் உயரமாக மஞ்சளைத் தூக்கினார். நான் ஒரு டிரம் மேல் ஏறி வீசினேன். அவர் ஏதோ கத்திக்கொண்டே என் பின்னால் கை காட்டினார். அந்தப் பழைய தந்திரத்துக்கு நான் மசிவேனா? திரும்பவே இல்லை.

திரும்பியிருக்கலாம். நுழைவாயில் எனக்குப் பின்னால்தான் இருந்தது. முதல் கொடியின்போது தண்ணீர் நிரப்பப் போயிருந்து, திரும்பிவந்து, சொன்ன சொல் தவறாமல் பச்சைக் கொடிக்காகக் காத்திருந்த மஞ்சண்ணா, கொடியைப் பார்த்ததும் டேங்கரைக் கிளப்பி, பின்குழாய்களைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளித்தபடி தடத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தார்.

என்னைத் தாண்டி அது போனபோது முழங்கால் வரை நனைந்தேன். அப்போதுதான் புரிந்தது. ஆனால் டிரம் வழுக்கியது. கொடியோடு, தலைவர் பதவியோடு, சேற்றில் மல்லாக்க விழுந்தேன்.

என்னை நம்பியவர்கள் வேகமெடுத்தார்கள். சாமை நம்பியவர்கள் மெதுவாகப் போனார்கள். இரண்டு கட்சியும் டேங்கர் நனைத்த களிமண்ணில் வந்து சேர்ந்ததும் கட்சி வித்தியாசம் இல்லாமல் சுழன்றன. ஒன்று வேலி ஓரம் போய் நின்றது. இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. ஒன்று சக்கரம் புதைந்து நின்றது. நியாஸ் பாயின் வண்டி வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது டேங்கர் மட்டும்தான்.

சாம் கணக்கில் அதுதான் கடைசிச் சுற்று. விதி என்றால் விதி. எனக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற வெறியில் குறுக்கே ஓடிவந்து, கோட்டருகே நின்று, டேங்கருக்குக் கட்டம்போட்ட முடிவுக் கொடியைக் காட்டினார்!

"முடியல!" என்று சேற்றிலிருந்து எழுந்து கத்தினேன். "மஞ்சள் சுத்து கணக்கில்ல! இன்னும் இருக்கு! மஞ்சண்ணா, போங்க, போங்க!"

மஞ்சண்ணா போனார். தண்ணீர் தெளித்தபடி, நிதானமாக, ஒரு ஹாரன் கூட அடிக்காமல் சுற்றினார். நான் ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணினேன். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. வண்டியோட்டிகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார்கள். என் கணக்கும் முடிந்தபோது நானும் அவருக்கு முடிவுக் கொடி காட்டினேன்.

அதன் பிறகு கோட்டிலேயே நின்று நானும் சாமும் மைக் பிடித்துச் சண்டை போட்டோம். இரண்டு மைக்கும் நன்றாக வேலை செய்ததால் பக்கத்து ஊர்வரை கேட்டதாம். நியாஸ் பாய்க்குத்தான் கோப்பை என்றேன். மஞ்சளில் முன்னால் இருந்தவருக்குத்தான் என்றார் சாம். வண்டியோட்டிகள் யாருக்கும் கோப்பை கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"சாமு, உன் கணக்குல மொதல்ல கோட்டத் தாண்டினது யாரு?"

"அத்தை, அது வந்து... டேங்கர். ஆனா—"

"ஜெயா, உன் கணக்குல?"

"டேங்கர்தான் அத்தை. ஆனா—"

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போன மொத விஷயம் இதுதான். அவருக்கே குடுங்க."

மஞ்சண்ணா டேங்கரிலிருந்து இறங்கி இரண்டு கோப்பைகளையும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "சார், ஸ்கூல்ல கூட நான் எதுலயும் கெலிச்சதில்ல" என்றார். பிறகுதான் நினைவு வந்து, அபார்ட்மெண்டுக்குப் போக வேண்டிய தண்ணீர் முழுக்கத் தடத்தில் போய்விட்டதே என்று தலையில் கை வைத்தார். அப்புறம் கோப்பைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

நிலத்தை மாதாமாதம் கொடுத்தார். ஒரே நிபந்தனை: "ஈ இப்பரு அளியந்திரு கையில கொடி கொடுக்கக் கூடாது." இந்த இரண்டு மருமகன்கள் என்று கன்னடத்தில் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். இப்போது பந்தயத்தை நடத்துவது ரெஜினாவும் ஜோதியும். வேகமானவனை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் எப்போது பேசி முடித்தார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. பந்தயம் பிரமாதமாக நடக்கிறது. நானும் சாமும் சரக்கு ஆட்டோவின் பின்னால் நின்று வண்டி தள்ளுகிறோம். இணையக் குழுவில் நான் ஏதாவது ஒரு சங்கத்தைத் திட்டி எழுதினால், அடுத்த நொடியே யாராவது ஒரு டேங்கர் படத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

கோடையில் எங்கள் தெருவில் குழாய் வறண்டுவிடும்போது மஞ்சண்ணாதான் தண்ணீர் கொண்டுவருகிறார். தெருமுனையில் டேங்கரை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பார். கொடி காட்டாமல் ஓர் அடி நகரமாட்டார். போன வாரம் தெருவே குடத்தோடு நின்றபோது, சமையலறையிலிருந்து ரெஜினா ஓடிவந்து, ஆய்ந்துகொண்டிருந்த கீரைக்கட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். டேங்கர் உறுமிக்கொண்டு கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "சார், நீங்க பின்னால திரும்பிப் பாருங்க, வண்டி வருது" என்றார்.