பூபதிராஜா சிங்க்கடி புகுந்த படலம்

வாழ்க எலப்புள்ளி! வாழ்க அதன் வரப்பெல்லாம் நடந்து செருப்புத் தேய்த்தவரும், எப்பொருளையும் பெட்டி பிரிக்குமுன்னே பெருமை பேசவல்லவருமாகிய பூபதிராஜா! மாகாளித் தாயே, இக்கதையைச் சொல்லி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராமல் காப்பாயாக.

சமையற்கழிவை விழுங்கி அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் அசுர இயந்திரம் ஒன்றை அப்பெருந்தகை சிங்க்கின் அடியில் குடியேற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாட்டின் வாய்க்குரியதைப் பிடுங்கி மெஷினுக்குப் போடுவானேன் என்று இல்லாள் ஜீவிதா கேட்டதை அவர் காதில் போட்டுக்கொண்டாரில்லை. அதுமட்டுமா, அவளுடைய அண்ணன் அப்புசாமி வீட்டு விருந்தில், இலை போட்ட பந்தியின் நடுவே, "இனி எங்க ஊட்ல மாட்டுக்குக் கழனி வாளிங்கற பேச்சே கெடையாதுங்க மச்சான்" என்று சூளுரைத்தும் வந்தார். அந்த இயந்திரத்தைக் கண்ணாரக் காண அப்புசாமி இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

விருந்துக்கு வாழைத்தண்டுப் பொரியல். விரலில் நார் சுற்றிச் சுற்றி ஜீவிதா எடுத்து வைத்த குவியலைக் கண்டதும், மச்சான் வருமுன் ஒத்திகை பார்த்துவிட வேண்டுமென்று வீரருக்குக் கை துறுதுறுத்தது.

"அத மாட்டுக்குப் போட்ரலாமுங்க" என்றாள் அவள்.

கேட்டால்தானே! நாரை இயந்திரத்தின் வாயில் திணித்தார். 'ஙொர்' என்றொரு ஓலம். இயந்திரம் பல்லைக் கடித்து நின்றது. சிங்க்கில் கழனித் தண்ணீர் கடலாய்த் தேங்கியது.

மச்சான் சிரித்தால் எந்த முகத்தோடு சோறு போடுவது! மின்சாரத்தைத் துண்டித்து, வேட்டியை வரிந்து கட்டி, டார்ச்சொளி முன்செல்ல, ஆறுபட்டைச் சாவியை வேலென ஏந்தி, குனிந்து, தவழ்ந்து, மல்லாந்து, சிங்க்கடிக் கானகம் புகுந்தார். சாவியை இயந்திரத்தின் அடித்துளையில் செருகி வலம் திருகினார், இடம் திருகினார், திருகத் திருக நார் இன்னும் இறுகியது கண்டு சினந்து குழாய் மூட்டைக் கழற்றினார். அந்தோ! அரிசி களைந்ததும் பருப்புக் கழுவியதும் புளி கரைத்ததும் ஒன்றாய்க் கூடி அவர் திருமுடிமேல் அபிஷேகமாய் இறங்கின.

ஆயினும் பின்வாங்கினாரல்லர். எழுந்து நின்று, வற்றிய சிங்க்கின் வாய்க்குள் கைவிட்டு, அரக்கனின் தொண்டையிலிருந்து நாரை முழம் முழமாய் உருவினார். மூட்டைப் பூட்டி மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் கர்ஜித்தது. "பார்த்தியா!" என்ற வெற்றி முழக்கம் வாளையாறு மலையில் மோதித் திரும்பியிருக்கும்.

முழக்கம் அடங்கியதும், கைநிறைய இருந்த நாரை என்ன செய்வதென்று திகைத்தார். பழக்கதோஷத்தில் கை சிங்க் பக்கம் போயிற்று, பாதியில் நின்றது. ஜீவிதா, கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பழைய கழனி வாளியைக் காலால் தள்ளி அவர் முன் விட்டாள். அவர் நாரை அதில் போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் திரும்பினார். அந்நேரம் பார்த்தா வாசலில் அப்புசாமியின் பைக் வந்து நிற்க வேண்டும்!

"வாங்க மச்சான், உக்காருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு வந்தர்றேன்."