கானிட்கர் தலைக்கு ஒரு ஹெல்மெட்

விஷ்வாஸ் கானிட்கர் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தன் தலையில் எதை வைப்பது என்பதை இனிமேல் தானே தீர்மானிப்பது.

இது லேசுப்பட்ட முடிவில்லை. அவர் உடம்பின் மற்ற பகுதிகள் எல்லாம் கல்யாணமான அன்றே மனைவி ஷைலஜாவின் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. சட்டை அவள் எடுப்பது. செருப்பு அவள் எடுப்பது. இதில் கொடுமை என்னவென்றால், கானிட்கர் புணே சதாசிவ் பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எந்த முகத்துக்கு எந்த ஃப்ரேம் என்று சொல்வதில் பேர் வாங்கினவர். பெரிய பெரிய வக்கீல்களே அவர் நீட்டியதை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருடைய மூக்கில் இருந்த ஃப்ரேம் மட்டும் ஷைலஜா பொறுக்கியது.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று அவருடைய மோட்டார் சைக்கிள். அதை ஷைலஜா தொடக்கூடாது. இன்னொன்று தலை. அந்தத் தலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. பாலத்து முனையில் போலீஸ்காரர் மூன்றாவது தடவையாக அவரைப் பிடித்துவிட்டார்.

"ஹெல்மெட் எங்க?"

"இதோ பாருங்க சார்," என்று கானிட்கர் வண்டியை நிறுத்திவிட்டு வாதத்துக்குத் தயாரானார். "நம்ம புதுவருஷம் பாட்வாவுக்கு வீட்டுல கம்பு நட்டு, அது தலையில செம்பைக் கவிழ்க்கிறோம். அது கம்பு. பேசாம நிக்கும். நான் மனுஷன்."

"கம்பு ஃபைன் கட்டாது. நீங்க கட்டணும்."

வீட்டுக்கு வந்ததும் ஷைலஜா கேட்டாள். "பிடிச்சானா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ்வீட்டு தாம்லே சொன்னார். நீங்க கம்புக் கதை சொல்லும்போது உங்களுக்குப் பின்னாடிதான் நின்னாராம். ஹெல்மெட் போட்டுக்கிட்டு."

"வாங்கப் போறேன். நானே. தனியா. யாரும் கூட வர வேண்டாம்."

"தாராளமா," என்றாள் ஷைலஜா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை ஷிஃப்ட். தப்பான விடை எழுதுகிற பையனைக் கடைசி வரை எழுதவிட்டுப் பார்க்கும் பொறுமை உண்டு அவளுக்கு.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நேராக ஆப்டேயின் ஹெல்மெட் கடைக்குப் போனார் கானிட்கர். கடை பூட்டியிருந்தது. ஷட்டரைத் தட்டினார். மாடி ஜன்னல் திறந்தது. பனியனோடு ஆப்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"ஹெல்மெட்."

"இப்ப மணி என்ன?"

"ஒண்ணேகால்."

"நீங்க மூக்குக்கண்ணாடிக் கடைதானே? உங்க கடை இப்ப திறந்திருக்கா?"

"இல்லை."

"ஏன்?"

"ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் தூங்கற நேரம்."

"அப்ப போய்த் தூங்குங்க," என்று ஆப்டே ஜன்னலைச் சாத்தினார்.

கானிட்கருக்குக் கோபம் வரவில்லை. ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று திருப்தியாகவே இருந்தது. வீட்டுக்குப் போனார். பருப்புச் சாதம் சாப்பிட்டார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு மணி வரை மரக்கட்டையாகத் தூங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் தவறவிடாத கடமை அது ஒன்றுதான்.

தன் கடைக்கு விடுமுறை நாளான வியாழன் சாயங்காலம் மறுபடியும் கிளம்பினார். ஷைலஜாவும் பையை எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்க?"

"கொத்தமல்லி வாங்கணும். ஆப்டே கடைக்குப் பக்கத்துலதான் நல்லா கிடைக்கும். நான் உங்க விஷயத்துல வாயே திறக்க மாட்டேன்."

ஆப்டே கடைச் சுவரில் அட்டைகள் தொங்கின. 'எது அழகு என்று எங்களைக் கேட்காதீர்கள். கண்ணாடி மாட்டியிருக்கிறோம்.' அதற்குக் கீழே, 'விற்ற ஹெல்மெட் திரும்ப எடுக்கப்படாது. வேண்டுமானால் தலையை மாற்றிக்கொள்ளவும்.' கானிட்கர் இரண்டையும் படித்து மெச்சிக்கொண்டார்.

முதலில் எடுத்ததே அமைந்துவிட்டது. கறுப்பு. தாடை வரை முழுசாக மூடினது. தலையைக் குலுக்கினால் ஆடவில்லை. கன்னத்தை மெத்தென்று பிடித்தது. மூக்குக்கண்ணாடிக்கு இடம் இருந்தது. அவர் நிலைக்கண்ணாடியில் பார்த்தார். உள்ளே நின்றவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கானிட்கர் மனம் நிறைந்துபோனார். அந்த நிறைவோடு பணம் எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

"ஆமா, இதுதான் ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் ஷைலஜா. "எடுத்துக்கோங்க."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. இருபத்தாறு வருஷமாக எத்தனையோ 'எடுத்துக்கோங்க' கேட்ட கை அது.

"எதனால நல்லா இருக்கு?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"முகமே தெரியல பாருங்க."

கானிட்கர் கறுப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "முகம் திறந்த மாதிரி எடுங்க ஆப்டே. எனக்கு ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லை."

ஆப்டே நாலைந்தை எடுத்துப் போட்டார். ஷைலஜா பதறினாள். "அந்தக் குங்குமச் சிவப்பு மட்டும் வேண்டாங்க. காலேஜ் பசங்க போடறது. உங்க வயசுக்கு எடுபடாது."

"சிவப்பைக் கொடுங்க," என்றார் கானிட்கர்.

"என்ன சைஸ்?"

ஷைலஜா பையிலிருந்து ரவிக்கை தைக்கிற டேப்பை எடுத்தாள். கொத்தமல்லி வாங்க வந்தவளுக்கு டேப் எதற்கு என்று கானிட்கருக்குத் தோன்றவில்லை. புருவத்துக்கு மேலே சுற்றி அளந்தாள். "லார்ஜ்தான். பிறந்ததுலேருந்தே இவருக்குத் தலை கொஞ்சம் பெரிசு. ஸ்கூல்ல பானைத்தலையன்னு கூப்பிடுவாங்களாம்."

ஆப்டே முதல்முறையாகச் சிரித்தார். கானிட்கரின் காது ஹெல்மெட்டின் நிறத்துக்கு வந்தது.

"மீடியம்!" என்றார்.

மீடியம் உள்ளே போவதற்கு மறுத்தது. கானிட்கர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். காது இரண்டும் அப்பளம் மாதிரி மடிந்தன. தலை உச்சியில் நிறைய இறுக்கம் இருந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி அளவுக்குக் காலி இடம்.

"பின்னாடி என்ன இவ்வளவு இடம்?"

"அது மாடல் அப்படி," என்றார் ஆப்டே. "இறுக்கமா இருக்கோ?"

"கொஞ்சம்."

"போகப் போகப் பழகிடும்."

இது கானிட்கர் தன் கடையில் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம். அது எவ்வளவு பெரிய பொய் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஷைலஜா பக்கத்தில் நின்றிருந்தாள். வாங்கிவிட்டார். திரும்பி வரும்போது ஒரு வெற்றி வீரன் மாதிரி வண்டி ஓட்டினார். தலைக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் ஆணி அடி தொடர்ந்தது. கடையில் இறங்கினால் நெற்றியில் ஒரு கோடு, கன்னத்தில் இரண்டு கோடு. வாடிக்கையாளர்கள் பரிதாபப்பட்டார்கள். வீட்டில் ஷைலஜா ஒரு வார்த்தை குத்தவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"தலை வலிக்குதா?"

"யாருக்கு? எனக்கா? மல்லிகைப்பூ வச்ச மாதிரி இருக்கு."

பத்தாம் நாள் மல்லிகைப்பூவைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். 'நடப்பது உடம்புக்கு நல்லது' என்று புதிதாக ஒரு கொள்கை அறிவித்தார். மோட்டார் சைக்கிளுக்கு உறை போட்டு மூடினார். கடைக்கு நடந்தே போனார்.

அப்போதுதான் அந்த மர்மம் ஆரம்பித்தது. ஒரு நாள் நாலு மணிக்குத் தூங்கி எழுந்து கீழே வந்தவர், பாசத்தோடு வண்டியைத் தடவினார். எஞ்சின் சுட்டது. பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார். ஓட்டாத வண்டியில் பாதி பெட்ரோலைக் காணோம்.

நேராகப் போய் தாம்லேயின் கதவைத் தட்டினார்.

"தாம்லே, நான் நேராவே கேக்கறேன். என் வண்டிலேருந்து பெட்ரோல் எடுக்கறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"உங்க வண்டிக்கு."

"என்னோடது பேட்டரி ஸ்கூட்டர் கானிட்கர்! பெட்ரோலை ஊத்தினா எங்க ஊத்தறது, சீட்டு மேலயா?"

"பின்ன எஞ்சின் ஏன் சுடுது?"

"மார்ச் மாசம். என் மண்டையும்தான் சுடுது," என்று தாம்லே கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியதை கானிட்கர் வெயிலின் கணக்கில் எழுதிவிட்டார்.

பாட்வா வந்தது. புதுவருஷக் காலை. கானிட்கர் குளித்து, வேப்பிலையும் வெல்லமும் வாயில் போட்டுக்கொண்டு, பால்கனியில் கம்பு நட்டு, பட்டுத்துணி கட்டி, அதன் தலையில் செம்பைக் கவிழ்த்தார். செம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பின் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

அப்போது கீழே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. பெற்ற பிள்ளையின் குரல் தகப்பனுக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தார். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் வண்டிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது கஜப் புடவை, குங்குமச் சிவப்பு. அதே சிவப்பில் தலையில் ஹெல்மெட்.

"திருடி! திருடி! தாம்லே, பிடிங்க!"

தாம்லே கீழே கைகட்டி நின்றிருந்தார். "நான் பிடிக்க மாட்டேன். அண்ணி வேகமா ஓட்டறாங்க."

கானிட்கர் படிகளில் உருண்டு வராத குறையாக இறங்கினார். ஷைலஜாதான். ஹெல்மெட் அவள் தலைக்கு அளவெடுத்து வார்த்த மாதிரி இருந்தது. பின்பக்கத்துக் காலி இடத்தில் அவளுடைய கொண்டை, பூவோடு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. முகம் திறந்திருந்ததால் மூக்கில் இருந்த பெரிய முத்து மூக்குத்தி கொஞ்சமும் நசுங்காமல் ஆடியது.

கானிட்கருக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. முகம் திறந்தது. சிவப்பு. மீடியம். டேப்.

"நீ... எனக்குன்னு... உனக்கு..."

"போன பாட்வாவுக்கு பொம்பளைங்க வண்டியில போற ஊர்வலத்துல முதல் வரிசை மோட்டார் சைக்கிள்காரிகளுக்குன்னு சொல்லி, என்னை ஸ்கூட்டரோட கடைசி வரிசைல விட்டாங்க. ஊதுவத்திப் புகையும் டீசல் புகையும் குடிச்சிட்டு வந்தேன். உங்க வண்டியைக் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

கானிட்கருக்கு ஞாபகம் இருந்தது. "அது குதிரை, பொம்பளைக்கு அடங்காதுன்னு..."

"சிரிச்சீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு," என்றாள் ஷைலஜா. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கானிட்கருக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது.

"எப்ப கத்துக்கிட்ட?"

"தினமும் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் நீங்க எங்க இருப்பீங்க?"

"கட்டில்ல."

"நான் மைதானத்துல இருந்தேன்."

கோபப்பட நல்ல காரணம் தேடினார் கானிட்கர். ஒன்றும் அகப்படவில்லை. வண்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனைவி அவர் கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்தாள். குதிரை வேறு அவளுக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது.

"சரி, போயிட்டு வா. வரும்போது பெட்ரோல் போட்டுடு."

"நீங்களும் ஏறுங்க. பின்னாடி கொடி பிடிக்க ஆள் வேணும்."

"நானா? பின் சீட்டுலயா? சதாசிவ் பேட்டை முழுக்கப் பார்க்கும்! நாளைக்கு நான் கடை திறக்க வேண்டாமா?"

ஷைலஜா கைப்பிடியில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது கறுப்பு ஹெல்மெட். தாடை வரை மூடினது. லார்ஜ்.

"நீங்க சிவப்பு வாங்கின மறுநாளே போய் எடுத்துட்டு வந்தேன். அது உங்க தலைக்கு எவ்வளவு பாந்தமா இருந்துச்சு! முகமே தெரியாது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

கானிட்கர் மாட்டிக்கொண்டார். ஆணி இல்லை, அப்பளம் இல்லை. தலைக்கு அத்தனை நாளும் இல்லாத சுகம் வந்தது. கொடியை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி குலுங்காமல் கிளம்பியது. தன்னைவிட நன்றாகவே கியர் மாற்றுகிறாள் என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்.

ஊர்வலத்தின் முதல் வரிசை. மேளம் முழங்கியது. மேலேயிருந்து பூ கொட்டியது. இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள், பாதிக்குமேல் தன் கடையில் கண்ணாடி வாங்கினவர்கள். கானிட்கர் கறுப்புக்குள்ளே ஒளிந்துகொண்டு எல்லோரையும் தைரியமாகப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. மனைவியும் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள், தன் மானமும் தப்பித்தது. வீட்டில் ஸ்ரீகண்ட் இனிப்பும் பூரியும் காத்திருந்தன. மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

வண்டி ஆப்டே கடையைத் தாண்டியது. வாசலில் நின்ற ஆப்டே கையை ஆட்டினார். "வணக்கம் கானிட்கர்!"

கானிட்கர் திடுக்கிட்டார். அடுத்த திருப்பத்தில் ஒரு வக்கீல் கூவினார். "கானிட்கர், கொடியை நேரா பிடிங்க!" பூக்காரி சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு கூட்டமே 'கானிட்கர், கானிட்கர்' என்று தாளம் போட்டது.

"ஷைலு," என்று அவள் காதருகே அலறினார். "முகம் தெரியாதுன்னியே! எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?"

ஷைலஜா கியரை மாற்றினாள். பேட்டரி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்த தாம்லே, கறுப்பு ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் கணக்கு டீச்சர் கையெழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தார்:

"கானிட்கர் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்று முதல் நாலு வரை முதலாளி தூங்குவார்."