ஓராணிப் பெரும்போர்

வாழ்க, சென்னைமாநகர்ச் சித்திரக் கல்லூரியின் இரண்டாமாண்டுச் சிங்கம். வாழ்க, எண்ணெய் வழியும் சுருள்முடியும் சாயம் ஏறிய நகங்களும் உடைய கிருஷ்ணகிரிக் குலக்கொழுந்து ஜெபராஜ். தூரிகையே வேலாக, வண்ணத்தட்டே கேடயமாக, கோடை விடுமுறையில் பயிற்சி பெறவென்று ஓசூர்த் தருமச் சித்திரசாலையில் வந்திறங்கிய அவ்வீரனுக்கு வாய்த்த பயிற்சி, படச்சட்டத்துக் கண்ணாடி துடைப்பதும் காரியதரிசி ராமப்பனுக்கு வெற்றிலை வாங்கி வருவதுமே என்று பாடினால் காவியத்துக்கு இழுக்கு. ஆகையால் ஆணியைப் பாடுவோம்.

லாபம் கருதாத அந்தச் சாலை, புண்ணியவதி சரோஜம்மாள் தன் வீட்டு முன்கட்டை இனாமாக விட்டுக்கொடுத்த இடம். சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்ற செய்தி முரசென முழங்கவே, ஜெபராஜ் தான் தீட்டிய சானமாவுக் காட்டு யானையை (காட்டையும் அவன் கண்டதில்லை, யானையையும் கண்டதில்லை) சுவரேற்றி, ‘இவனே அக்கலைஞன்’ என்று அவர் திருமுன் சுட்டப்படுவதென நெஞ்சுக்குள் சூளுரைத்துச் சுத்தியலை ஓங்கினான். அக்கணமே உள்கட்டிலிருந்து இடியென இறங்கியது சரோஜம்மாளின் ஆணை.

“எங்க மருமக முழுகாம இருக்கா. புள்ள பொறக்கிற வரைக்கும் இந்தச் செவுத்துல ஒரு ஆணி எறங்கக் கூடாது.”

பழைய ஆணிகளே இனிக் கதி. அவற்றிலோ நன்கொடை தந்த புண்ணியவான்கள் மீசையும் தலைப்பாகையுமாக வீற்றிருக்க, கதவோரம் எஞ்சியது ஒன்றே ஒன்று. அதன் உச்சியில், பகைவர் ஏறவொண்ணாத மலைக்கோட்டை போலத் தொங்கியது, கூட்டிப் பெருக்கும் மாரம்மாவின் தூக்குச்சட்டி. உள்ளே கேழ்வரகுக் களி.

“சட்டிய எடு. படம் மாட்டணும்” என்று சங்கநாதம் செய்தான் வீரன்.

“கீழ வெச்சா எறும்பு மொய்ச்சிக்கும். ஒன் எருமைய கீழ வெய்யி” என்று பெருக்குவதை நிறுத்தாமலே எதிர்க்கணை விடுத்தாள் மாரம்மா.

“அது யானை.”

“ஆவட்டும் சாமி. யானைய எறும்பு தின்னுமா?”

மூண்டது போர். அவன் சட்டியை இறக்குவான், யானை ஏறும். அவள் யானையை இறக்குவாள், சட்டி ஏறும். பாற்கடல் கடைந்த மலையும் அத்தனை முறை ஏறி இறங்கியிராது. அதிகாரியின் ஜீப்பு கிளப்பிய புழுதி தெருமுனையில் எழவும், சிங்கம் பணிந்து கெஞ்சியது. மாரம்மா உடன்படிக்கை அறிவித்தாள்.

“அப்ப நீயே புடிச்சிக்கினு நில்லு. கீழ வெச்சியோ, படத்த கழட்டி வாசல்ல போட்டுடுவேன்.”

வென்றான் வீரன்; யானை ஆணி ஏறியது. ஆணியின் உத்தியோகமோ வீரன் தலையில் விழுந்தது. கையை நீட்டிச் சட்டி தாங்கிக் கதவோரம் நின்றவனைக் கண்ட அதிகாரி, முகத்தைப் பாராமலே தம் கோட்டைக் கழற்றி அவனது மறுதோளில் மாட்டி, “இதையும் புடிப்பா” என்று அருளிவிட்டு நேரே போய் யானையின் முன் நின்றார். மீசை நன்கொடையாளர் எவருக்கும் கிட்டாத பேறு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“யானை ஜோரா இருக்கே. யாரு போட்டது?”

வீரனின் மார்பு கெலவரப்பள்ளியில் புரளும் தென்பெண்ணைப் புதுவெள்ளமென விம்மியது. காரியதரிசி ராமப்பன் திரும்பிப் பார்த்தார். ஒரு கையில் களிச்சட்டி, மறுதோளில் அயலான் கோட்டு. இதையா கலைஞன் என்று காட்டுவது, சித்திரசாலையின் மானம் என்னாவது?

“மெட்ராஸ் ஆர்ட்டிஸ்டுங்க ஐயா. நேத்துதான் ஊருக்குப் போனாருங்க.”

வீரனின் வாய் திறந்தது. பயிற்சிச் சான்றிதழில் ஒப்பமிட வேண்டிய ராமப்பனின் விழி வேலெனப் பாய்ந்து அதை மூடியது. யானை எழுதிய கரம் சட்டியைத் தாங்கியே நிற்க, “குடுத்து வெச்ச மனுஷன்” என்று அந்த ஊர்போன கலைஞனை வாழ்த்தியபடியே, வாழும் கலைஞனின் தோளிலிருந்து கோட்டை உருவிக்கொண்டு அதிகாரி ஜீப்பேறினார்; புழுதி அடங்கியது; யானை மட்டும் புகழோடு நின்றது.

மாரம்மா வந்து சட்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டாள்.