கோணமூக்குத் துரை செத்துப் பிழைத்த கதை

சீமையில் பிறந்த ஒரு நடிகரை, வண்ணார்பேட்டையில் வைத்து, நான் கொன்றிருக்கிறேன். சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் தண்டனையை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம். வண்ணார்பேட்டையில் சலனப்படக் கொட்டகை போட்டிருந்தார்கள். படம் பேசாது, திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்து ஜனங்களுக்குப் புரியாது. ஆகவே திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பாளையங்கோட்டையில் மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு (தேறினேனா என்று கேட்காதீர்கள்) சும்மா இருந்த நான் அந்த ஆள் ஆனேன்.

முதல் படத்தில், மூக்குக் கோணலான ஒரு தாடிக்காரத் துரை, மகள் மடியில் தலை வைத்து உயிரை விட்டார். கூட்டத்தில் கருப்பட்டி வியாபாரி சுடலைமுத்து அண்ணாச்சி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். தம் மகள் பொன்னம்மாளை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். என் சாமர்த்தியத்தைப் பார்க்கவே வந்திருந்தார். விடுவேனா?

"ஐயோ! இது நடிப்பல்ல! படம் பிடிக்கும்போதே துரை நிஜமாகச் செத்துப்போனார்!" என்று மார்பில் அடித்துக்கொண்டேன்.

கொட்டகையே அழுதது. அண்ணாச்சி போகிற வழியில் தாமிரபரணியில் இறங்கி, இழவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து திரும்புகிறவரைப் போல முங்கிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். 'பொண்ணு ஒமக்குத்தான் வே' என்று மறுநாளே சொல்லியனுப்பினார்.

மறுவாரம் வந்த படத்தில் அதே கோணமூக்கு! தாடியைக் காணோம், வயதில் இருபது குறைந்து, குதிரையில் வருகிறார். சட்டென்று திரையை நோக்கிக் கையை நீட்டினேன்.

"இவர்... செத்தவருடைய மகன்!"

"அப்பன உரிச்சு வச்சிருக்கான் வே!" என்று பூரித்தார் அண்ணாச்சி.

அப்போது கதாநாயகி வந்தாள். போன வாரம் துரையை மடியில் போட்டு அழுதாளே, அவளேதான். இருவரும் நேராகச் சர்ச்சுக்குப் போய் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ஏலே, நிறுத்து! அந்தப் பிள்ள செத்தவரு மகள்லா? அண்ணன் தங்கச்சியக் கெட்டுதானா?"

"தத்துப்பிள்ளை, அண்ணாச்சி!"

"தத்துன்னாலும் அண்ணந்தாம்ல!"

கல்யாணம் கைநழுவுகிறதே என்ற பயத்தில், செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். உண்மையைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, துரை சாகவேயில்ல. அவருதான் இவரு!"

கூட்டத்தில் ஒருவன் துள்ளி எழுந்தான்.

"அப்போ அப்பனே மகளைக் கெட்டுதானா!"

தரையில் கொட்டியிருந்த மணல் முழுவதும் என்மேல் வந்து விழுந்தது. அந்தச் சந்தடியிலும் அண்ணாச்சியின் குரல் தனியாகக் கேட்டது: "அப்போ நான் ஆத்துல முங்குனது எதுக்கு வே?"

சம்பந்தம் அன்றே முறிந்தது. ஆறு மாதம் நான் அவர் கடை இருந்த தெருப் பக்கமே போகவில்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில், தட்டிக்குப் பின்னால், அன்று ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாளாம். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, "கெட்டுனா அந்தப் புளுகரத்தான் கெட்டுவேன்" என்று அவள் அடம்பிடித்ததால் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தாலி கட்டப்போகும்போது மாமனார் பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாப்பிள்ள, ஒமக்கும் இவளுக்கும் வேற முறை ஏதும் இருந்தா இப்பமே சொல்லிரும்."

இன்றைக்கும் துஷ்டிச் செய்தி வந்தால் எங்கள் வீட்டில் யாரும் உடனே அழுவதில்லை. பொன்னம்மாள் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள்.

"இப்பமே குளிச்சிரவா, இல்ல அடுத்த வாரம் வரைக்கும் பாக்கவா?"