தரமாட்டார் கேட்ட பீர் லைசென்ஸ்

கடைக்கு வந்த ஆளைச் சாமானோடு திருப்பி அனுப்பவே கூடாது என்று விரதம் இருந்து மளிகைக் கடை நடத்திய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் கிணத்துக்கடவில் எங்கள் தெருமுனையில் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'தரமாட்டார்'.

அரைக் கிலோ சர்க்கரை கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

"ஏனுங்கம்மணி, செவ்வாக்கெழமதானே ஒரு கிலோ வாங்கீட்டுப் போனீங்க? உங்க மாமியாருக்குச் சுகருங்க. தரமாட்டேன்."

அப்பளம் கேட்டால், "பிரஷர் மாத்திரை திங்கறவங்களுக்கு அப்பளம் எதுக்குங்க?" என்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு மயிலாத்தாள் எலி மருந்து கேட்டாள். கேட்டவள் சும்மா இருக்காமல், முந்தின நாள் புருசனோடு சண்டை போட்டதையும் சொல்லிவிட்டாள். தரமாட்டார் கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கே போய், பீரோவுக்குப் பின்னால் எலி ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் பீர் விற்கப் போகிறார் என்றால் யார் நம்புவார்கள்?

செல்போனில்தான் செய்தி சுற்றியது. மளிகைக் கடைகளுக்கும் பீரும் ஒயினும் விற்க லைசென்ஸ் கொடுக்கப் போகிறார்களாம். அதுவும் ஏரியாவுக்கு ஒரே ஒரு கடைக்குத்தானாம். யார் சொன்னது, எங்கே சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தரமாட்டார் அன்றைக்கே ஆதார், ரேஷன் கார்டு, கடை கரண்ட் பில் எல்லாவற்றையும் பத்துப் பத்து ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். புளி மூட்டை இருந்த மூலையைக் காலி செய்து, டேப் வைத்து அளந்து, "பிரிட்ஜ் இங்கதானுங்க" என்று சாக்பீஸால் கட்டமும் போட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் முருகனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டுப் பத்து மாசம் ஆகியிருந்தது. மதுக்கடைக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் முருகன் அவர் மனசை மாற்றிவிடுவான். கொத்தமல்லி வாங்குகிற இடத்திலேயே பீர் இருந்தால்? முருகனுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

நேராகக் கடைக்குப் போனேன்.

"ஏனுங்ண்ணா, அப்பளமே குடுக்காத மனுசன் பீர் குடுக்கப் போறீங்களாக்கு?"

"லைசென்ஸ் வாங்கியே தீருவேனுங்கம்மணி."

"எங்கூட்டுக்காரர ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சேனுங்க" என்றவர், பெருங்காய டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த டப்பா தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும், அவர் வாய் மட்டும் திறக்கவில்லை.

மாரியம்மன் மட்டும்தான் இனிக் குறுக்கே நிற்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் அம்மனிடம் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. தரமாட்டார் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார். சிவப்பு. "பூசாரி கை ஈரமா இருந்துச்சுங்க" என்றார். அடுத்த வெள்ளி. மறுபடியும் சிவப்பு. "அபிசேகத்துக்கு முந்தியே கேட்டுப்போட்டேன், அதானுங்க."

அந்த நாட்களில் நான் தினமும் விளக்கேற்றி, "தாயே, சிவப்பையே குடு" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். விளக்குக்கு ஊற்றிய எண்ணெய் அவர் கடையில் வாங்கியதுதான்.

மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது கோயில் கட்டுப்பாடு. மூன்றாம் வெள்ளி, அடுத்து யார் உள்ளே காலடி வைக்கிறார்களோ அவர்களே எடுக்கட்டும் என்று பூசாரி சொல்லி வாய் மூடவில்லை, தேங்காய்த் தட்டோடு நான் போய் நின்றேன்.

"பூசாரி, இந்தம்மணி வேண்டாமுங்க. இன்னொருத்தரு வரட்டுமுங்க" என்று தரமாட்டார் பதறினார்.

"அம்மனே கூட்டியாந்திருக்கறா. பேசாம நில்லப்பா" என்றார் பூசாரி.

கண்ணை மூடி எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு!

சந்தோசத்தில் கோயில் மணியைப் பிடித்து இழுத்து அடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் தரமாட்டார் தூணோரம் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"பீர் விக்க முடியலீன்னு அழுவாங்களாங்ண்ணா?"

"விக்கறேன்னு யாருங்க சொன்னா?" என்று நிமிர்ந்தார். "ஏரியாவுக்கு ஒரு லைசென்ஸுதானுங்களே. அத நா வாங்கி வெச்சுட்டா வேற எவனும் வாங்க முடியாதில்லீங்க? எங்கிட்ட வந்து கேட்டா நாந்தான் தரமாட்டேனே."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்கூட்டுக்காரரு தெனம் ஆறு மணிக்கு எங்கடைல வந்து உக்காருவாருங்க. அந்த நேரந்தானுங்க அவருக்கு மனசு தாங்காதாம். கடலக்காய் உரிக்கக் குடுப்பேன். ஏழு மணிக்குச் சரியாப்போயிருமுங்க. 'பக்கத்துலயே கடை வந்தா என்னால முடியாதுங்ண்ணா'ன்னாரு. காரணத்த வெளிய சொன்னா அவரு பேருமில்லீங்க வெளிய வரும்?"

நான் என்னடாவென்றால் வீட்டுக்காரர் பஜனைக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன். சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைப் பார்த்து, நல்ல பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்ண்ணா, அம்மன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"பீர் லைசென்ஸ் வாங்கலாமான்னுங்க."

"எதுக்குன்னு சொன்னீங்களா?"

தரமாட்டார் முழித்தார். "அவளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சாலும் நாம வாயத் தொறந்து சொல்லோணுமில்லீங்க? ஒருத்தன் வந்து பீர் விக்கட்டுமான்னு மொட்டையாக் கேட்டா எந்த அம்மன் சரிம்பா?"

மூன்று முறை முடிந்துவிட்டது என்று பூசாரி கையை விரித்தார்.

"அது அவரு கேட்டதுங்க. இப்பக் கேக்கறது நானு. கட்டுங்க பொட்டலத்த" என்றேன். அம்மன் முன்னால் நின்று, வீட்டுக்காரர் பேரிலிருந்து கடலக்காய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பூசாரி மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொண்டார். இந்த முறை எடுத்தது தரமாட்டார். பிரித்தார்.

வெள்ளை.

திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீஸ் திறக்கும் முன்பே ஜெராக்ஸ் கட்டோடு போய் நின்றிருக்கிறார். அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது, யாரோ கிளப்பிவிட்ட புரளி என்று சொல்லிவிட்டார்கள். "இல்லாட்டிப் பரவாயில்லைங்க. என்னைக்காவது வந்துச்சுன்னா மொதப் பேரு என்னுதா இருக்கோணும்" என்று ஒரு மாசம் விடாமல் போய் நின்றார். கடைசியில் ஒரு கிளார்க், இவர் தொல்லை தாங்காமல் அந்தக் கட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாராம்.

குடியை விட்டு வருசம் ஒன்று திரும்பியதும் நானும் வீட்டுக்காரரும் சென்னிமலை ஏறினோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேர் கேட்டார். வீட்டுக்காரர் தன் பேரைச் சொல்லவில்லை.

"தரமாட்டாருங்க" என்றார்.

குருக்கள் என்னைப் பார்த்தார். சொந்தப் பேர் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"அந்தப் பேருக்கே பண்ணிருங்க சாமி" என்றேன். "முருகனுக்கு ஆளத் தெரியுமுங்க."